உம்மும்மா பார்த்த விகாரை

கடந்த டிசம்பர் விடுமுறையில் வாப்பா, உம்மா, உம்மும்மா, தம்பி, நான் என ஐந்து பேரும் தாய்லாந்து சென்றோம். ஹஜ்ஜுக்குப் பிறகு உம்மும்மா போன இரண்டாவது வெளிநாட்டுப் பயணம் அது. பாங்கொக்கில் மூன்றாம் நாள் காலை, "இன்றைக்கு வாட் போ பார்ப்போம்" என்றார் வாப்பா. தாய் மொழியில் 'வாட்' என்றால் பௌத்த விகாரை.

உம்மும்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகன், சிலை வச்சிருக்கிற இடத்துக்கு நாங்க போறது சரியா?"

"கும்பிடப் போகல்ல மாமி, பாத்துட்டு வரத்தான் போறோம். உமர் (ரலி) அவங்க ஜெரூசலத்துல கிறிஸ்தவங்கட தேவாலயத்துக்குள்ள போனாங்க. தொழுகை நேரம் வந்ததும் வெளியில வந்து தொழுதாங்க. போறது வேற, வணங்குறது வேற."

உம்மும்மா மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவருடைய தயக்கத்துக்கு மார்க்கம் மட்டும் காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் கண்டிப் பக்கம். பள்ளிவாசலிலிருந்து பன்சலைக்கு ஐந்து நிமிட நடை. 2018 மார்ச்சில் எங்கள் மாவட்டத்தில் வன்செயல் நடந்து ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது நான் சிறுமி. இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிறகு பன்சலையைக் கடந்து போகும்போதெல்லாம் உம்மும்மா என் கையை இறுக்கிப் பிடிப்பார். நான் அவரைவிட உயரமாகிவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாட் போவின் வாசலிலும் அப்படித்தான் பிடித்தார்.

அங்கிருந்த காவலர், அரைக்காற்சட்டை அணிந்து வந்த பயணிகளை நிறுத்தி, தோளையும் முழங்காலையும் மூடிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அபாயாக்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உள்ளே போகும்படி கையைக் காட்டினார். "பாத்தீங்களா, எங்கட உடுப்புக்கு இங்க மதிப்பு!" என்று உம்மா சொன்னதும் உம்மும்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சயனப் புத்தர் மண்டபத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சிலை 46 மீற்றர் நீளம், 15 மீற்றர் உயரம். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1832இல், செங்கல்லால் கட்டிச் சாந்து பூசி, மேலே பொன் தகடு ஒட்டியிருக்கிறார்கள். தூண்கள் மறைப்பதால் ஒரே பார்வையில் முழுவதையும் காண முடியாது. தலையிலிருந்து கால்வரை நடந்துதான் பார்க்க வேண்டும். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள். பக்தர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம் போட்டுக்கொண்டே போகிறார்கள். தம்பி தனக்கும் காசு கேட்டான். "அது அவங்கட வணக்கம் மகன், விளையாட்டில்ல" என்றார் வாப்பா. நாங்கள் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டோம்.

வெளியே வந்தபோது இன்னொரு மண்டபத்தில் பிக்குமார் ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசை எனக்குப் பழக்கமானது. போயா தினங்களில் எங்கள் ஊர்ப் பன்சலையின் ஒலிபெருக்கியில் கேட்கும் அதே பாளி மொழி, இராகம்தான் வேறு. பரீட்சைக்காக மனனம் செய்த வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வந்தது. இலங்கையில் உபசம்பதா மரபு அற்றுப்போனபோது கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமுக்குத் தூது அனுப்பினான். அங்கிருந்து வந்த உபாலி தேரர் 1753இல் கண்டியில் அதை மீண்டும் தொடக்கிவைத்தார். சியாம் நிகாயவுக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இலங்கையின் தேரவாத மரபு சியாமுக்குப் போயிருந்தது. இதை நான் சொன்னதும், "அப்ப குடுத்தத நாங்க திரும்ப வாங்கியிருக்கிறோம்" என்றார் வாப்பா. அவர் சொன்ன அந்த 'நாங்க' என் மனதில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் உம்மும்மாவைக் காணவில்லை. தேடிப் போனோம். ஒரு கல்வெட்டுப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதில் மனித உடலின் உருவமும், அதன்மேல் கோடுகளும் புள்ளிகளும் இருந்தன. மருத்துவம், இலக்கியம் என்று தம் காலத்து அறிவையெல்லாம் பொதுமக்கள் படிப்பதற்காக மூன்றாம் ராமா மன்னர் இந்த விகாரையில் கல்லில் பொறிக்கச் செய்திருக்கிறார். 2011இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சுளுக்கு என்றால் எண்ணெய் தடவி எடுத்துவிடுபவர் உம்மும்மா. அவருக்குத் தாய் எழுத்துத் தேவைப்படவில்லை. படத்தின் முழங்காலுக்குக் கிட்ட விரலை நீட்டி, "இந்த இடத்துலதான் நானும் அமத்துறது" என்றார்.

என் கையை அவர் எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

ளுஹர் தொழ ஆற்றைக் கடந்து, தொன்புரிப் பக்கத்திலுள்ள பாங் லுவாங் பள்ளிவாசலுக்குப் போனோம். வெள்ளைச் சுவர்கள். குவிமாடம் இல்லை, தாய்லாந்து விகாரைகளைப் போன்ற கூரையும் முகப்பும். அல்குர்ஆனின் 30 ஜுஸ்உகளை நினைவூட்ட 30 தூண்கள். "வெளியால பாத்தா பன்சல, உள்ளுக்குப் போனா எங்கட பள்ளி" என்று உம்மும்மா வியந்தார்.

திரும்பி வரும்போது விமானத்தில் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கும் ஒரு வாசலைப் போன்ற வாசலைக் காண எங்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. பாங்கொக்கில் நாங்கள் விருந்தாளிகள். அங்கே எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் பழைய இரவுகள் எதுவும் இல்லை. ஊரில் இருக்கின்றன. அவற்றை ஒரு பயணம் அழித்துவிடாது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, பயம் பழைய அளவில் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைப் பார்க்க வந்தார். தாய்லாந்து விகாரைகளைக் காண அவருக்கு நெடுநாள் ஆசை, வசதி கூடிவரவில்லை. உம்மும்மா என் கைபேசியை வாங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொரு படமாக விளக்கினார். சயனப் புத்தரின் முகம் வந்ததும் அந்த அம்மா கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டார். உம்மும்மா பேச்சை நிறுத்தினார். கைபேசித் திரை மங்கத் தொடங்கியது. அது அணைந்துவிடாதபடி விரலால் மெல்லத் தொட்டு, அவர் கண்களைத் திறக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.