கொத்தமல்லி என்ற சொல்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வணக்கம் சொல்ல ஒரு சொல், நன்றி சொல்ல ஒரு சொல், அவ்வளவுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் வந்த ‘பெர்சினெத்’ என்ற கதையின் அடியில் ‘பிரெஞ்சு மூலத்திலிருந்து தமிழில்’ என்று அச்சாகி, பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. அச்சுப் பிழை அல்ல. அந்த வரியை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். கதையில் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு சிறுவர் இதழில் உலகக் கதைகள் என்று ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். ராபன்ஸெலின் முறை வந்தது. மசக்கைக்காரி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்கு ஆசைப்படுகிறாள். புருஷன் சுவரேறிக் குதித்துப் பறித்து வருகிறான். தோட்டத்துக்குச் சொந்தக்காரி மந்திரக்காரி. கீரைக்கு விலையாகப் பிறக்கப்போகும் பிள்ளையைக் கேட்கிறாள். பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை வாசலும் படியும் இல்லாத கோபுரத்துக்குப் போகிறது. கூந்தலைப் பிடித்து ஏறி ஓர் இளவரசன் வருகிறான். கையிலிருந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்து இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கிரிம் சகோதரர்கள் ஜெர்மானியக் கிராமங்களில் கால்நடையாகத் திரிந்து, அடுப்படிப் பாட்டிகளின் வாயிலிருந்து எடுத்த கதை இது என்று ஒரு முன்குறிப்பும் சேர்த்தேன். எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதியதல்ல அது. அப்படி இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் புதுச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. முதல் வரியே, “அந்தப் பெண்ணை ஏன் அசடாக்கினீர்கள்?” என்று இருந்தது.

இளவரசன் வந்துபோவது மந்திரக்காரிக்கு எப்படித் தெரிகிறது? என் தமிழில் ராபன்ஸெல் தானே உளறுகிறாள்: இளவரசனைவிட உன்னை மேலே இழுப்பதுதான் கனமாக இருக்கிறது என்று. கிரிம்களின் 1812 முதல் பதிப்பில் இப்படி இல்லை. என் உடுப்பெல்லாம் ஏன் இறுகிக்கொண்டே போகிறது என்றுதான் அங்கே கேட்கிறாள். அவள் சூல்கொண்டிருக்கிறாள். சூல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அந்தக் கோபுரத்தில் ஒரு பெண்பிள்ளை துணையில்லை. குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடிய புத்தகமா இது என்று பேச்சு எழுந்ததும், அடுத்த பதிப்பில் வில்ஹெல்ம் கிரிம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு உளறலை வைத்தார். 1857இல் வந்த கடைசிப் பதிப்பிலும் உளறல்தான். ஆனாலும் கதையின் கடைசியில் அவள் இரட்டைப் பிள்ளைகளோடு நிற்பாள். நான் அந்தப் பிள்ளைகளையும் எடுத்துவிட்டிருந்தேன். “அறியாத பெண் வேறு, அசட்டுப் பெண் வேறு தம்பி” என்று எழுதியிருந்தார்.

பாட்டிகள் விஷயத்துக்கு ஒரு தனிப் பத்தி. கிரிம்களுக்குக் கதை சொன்னவர்கள் பலர் படித்த குடும்பத்து இளம்பெண்கள். கதை கேட்க அவர்கள் ஊர் ஊராக நடக்கவில்லை, கதை தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அவர்களிடம் வந்தார்கள். ராபன்ஸெலுக்கோ அந்த வாய்மொழியும் கிடையாது. ஃப்ரீட்ரிக் ஷுல்ட்ஸ் என்பவர் 1790இல் அச்சிட்ட கதை அது. அதைக் கிரிம்கள் சுருக்கினார்கள். ஷுல்ட்ஸின் கதை எங்கிருந்து வந்தது? 1698இல் பாரிஸில் வெளியான ஒரு புத்தகத்திலிருந்து. எழுதியவர் ஷார்லோத்-ரோஸ் த கோமோன் த லா ஃபோர்ஸ்.

அந்தப் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கடிதத்தில்தான்.

பதில் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன். அதன்பின் இரண்டு ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து. அவர் எழுத எழுத எனக்கு ஒரு பாதை திறந்துகொண்டே போனது. கோபுரத்துக் கூந்தல் ஜெர்மனியின் சொத்து இல்லை என்று ஒரு கடிதம். ஃபிர்தவ்ஸி 1010வாக்கில் முடித்த ஷாநாமாவில் காபூல் அரசன் மகள் ருதாபா, மேலே ஏறி வா என்று ஜாலுக்குத் தன் கூந்தலை இறக்குகிறாள். அவன் அதைப் பிடித்து ஏற மாட்டேன் என்கிறான்; கூந்தலை முத்தமிட்டுவிட்டுக் கயிற்றை வீசி ஏறுகிறான். “இந்தக் கூட்டத்தில் இவன் ஒருவனுக்குத்தான் வலிக்குமே என்று தோன்றியிருக்கிறது” என்று அடியில் எழுதியிருந்தார்.

நேப்பிள்ஸ்காரர் ஜம்பத்திஸ்தா பஸீலேயைப் பற்றி இன்னொரு கடிதம். அவர் 1632இல் இறந்துபோன பிறகு, 1634இலிருந்து 1636க்குள் அவருடைய கதைத்தொகுதி நேப்பிள்ஸ் பேச்சுமொழியிலேயே வெளிவந்தது. அதில் ‘பெத்ரொசினெல்லா’ என்றொரு கதை. அந்தப் பெண் காத்துக் கிடப்பவள் அல்ல. அரக்கியும் அண்டைவீட்டுக்காரியும் பேசுவதை ஒட்டுக்கேட்டு ரகசியத்தைத் தெரிந்துகொள்கிறாள். அரக்கிக்குக் கசகசாச் செடியின் மயக்கத்தைக் கொடுத்துத் தூங்கவைக்கிறாள், கயிற்றேணியில் இறங்குகிறாள், துரத்தி வருபவளுக்கு முன்னால் மூன்று மாயக் காய்களை ஒவ்வொன்றாக வீசுகிறாள். நாய் வருகிறது, சிங்கம் வருகிறது, கடைசியில் ஓநாய் வந்து அரக்கியை விழுங்குகிறது. குருடாகும் இளவரசனும் இல்லை, வனவாசமும் இல்லை. கோபுரத்துப் பெண் என்றாலே கண்ணீர் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

லா ஃபோர்ஸைப் பற்றித்தான் அதிகம் எழுதுவார். பிரபுக் குடும்பம், அரண்மனை வாழ்க்கை. 1687இல் தன்னைவிட இளையவர் ஒருவரை மணந்தார். பையனின் தகப்பன் சம்மதம் இல்லாத கல்யாணம் என்று வழக்குப் போட்டு, செல்லாது என்று தீர்ப்பு வாங்கிவிட்டார்கள். பிறகு, எழுதிய பாடல்கள் மரியாதை கெட்டவை என்று 1697இல் பதினான்காம் லூயி மன்னர் அவரை மடாலயத்துக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு புத்தகம் வருகிறது. முகப்பில் முழுப்பெயர் கிடையாது. செல்வி என்ற அடைமொழி, அதன் பின்னே நட்சத்திரக் குறிகள்.

அந்தப் புத்தகத்துக் கதைதான் ‘பெர்சினெத்’. ஒருநாள் அது தமிழில் வந்து சேர்ந்தது. கோடு போட்ட நீள நோட்டு, நீல மசி, ஓரத்தில் பென்சில் குறிப்புகள். “சும்மா செய்து பார்த்தேன். தமிழ் சரியாக இருக்கிறதா, சொல்லுங்கள்” என்று முதல் பக்கத்தில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம்.

நான் அன்று இரவே படித்தேன். கோபுரம் வெள்ளியால் ஆனது. பிள்ளையைக் கொண்டுபோகிறவள் சூனியக்காரி அல்ல, தேவதை; அந்தப் பெண்ணுக்கு எழுதியிருக்கும் விதியைத் தடுக்கப் பார்த்துத்தான் அடைக்கிறாள். வயிறு தெரிந்ததும் கூந்தலை வெட்டி, கடலோரத்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். அங்கே இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன. கண்ணிழந்து அலைந்த இளவரசன் அவள் பாட்டைக் கேட்டு வந்து சேர்கிறான், கண்ணீர் பட்டுப் பார்வை திரும்புகிறது. கிரிம்களோடு முடிந்த கதை இங்கே முடியவில்லை. தேவதையின் கோபம் இன்னும் ஆறவில்லை. ரொட்டி எடுத்தால் கல்லாகிறது, கீரை பறித்தால் தேரையாகிறது. இரண்டு பிள்ளைகளையும் கட்டிக்கொண்டு பட்டினியில் சாகக் கிடக்கும்போது, வளர்த்தவளின் மனம் இளகுகிறது. கோபுரம் கட்டியவளையும் மனுஷியாக எழுதிய அந்த இடத்தை அவருடைய தமிழில் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு சொல்லில்தான் என் திருட்டு முழுசாகத் தெரியும். பெத்ரொசினெல்லா, பெர்சினெத் இரண்டு பெயருமே பார்ஸ்லி என்ற இலையிலிருந்து வந்தவை. அதை ராபன்ஸெல் என்ற கீரையாக மாற்றியது ஷுல்ட்ஸ். நோட்டில் பார்ஸ்லிக்குக் கொத்தமல்லி என்று போட்டிருந்தார். ஓரத்தில் பென்சிலால்: “பார்ஸ்லி என்று எழுதினால் மூக்குக்கு ஒன்றும் வராது. மசக்கை வாசனையில்தான் தொடங்கும்.”

சில மாதம் கழித்துச் சென்னையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். கோபுரத்துப் பெண்களின் கதைகள் பற்றிப் பேசினேன். நோட்டிலிருந்து மூன்று பக்கம் வாசித்தேன். யாருடைய மொழிபெயர்ப்பு என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, பிரான்சில் ஏது கொத்தமல்லி என்று கேட்டார். நான் அந்தப் பென்சில் குறிப்பை, வார்த்தை மாறாமல், யோசித்து யோசித்துச் சொல்வதுபோலச் சொன்னேன். கைதட்டினார்கள். பொய் அங்கே ஆரம்பித்தது. சொல்லாமல் விட்டது அல்ல, யோசிப்பதுபோல நடித்தது.

இதழாசிரியர் கதையைக் கேட்டார். நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஏழெட்டுச் சொற்களை மாற்றினேன். அவர் ‘சூலி’ என்று எழுதிய இடத்தில் ‘கர்ப்பிணி’ என்று போட்டேன். மாற்றினால் என் கை பட்டதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் மூன்று பக்க முன்னுரை. அதில் நான் எழுதியது இது: ஒரு பெண் எழுதிய கதையை ஆண்கள் கைமாற்றி, நாட்டார் கதை என்று பெயரிட்டு, அவள் பெயரை உலகம் மறக்கச் செய்துவிட்டார்கள். லா ஃபோர்ஸுக்கு நியாயம் செய்யும் கோபத்தோடுதான் எழுதினேன், அந்தக் கோபம் பொய்யில்லை. அதை எழுதிய மேசையிலேயே அந்த நீள நோட்டு திறந்து கிடந்தது.

கிரிம்களையாவது நம்பி ஏமாந்தவர்கள் என்று சொல்லலாம். ஷுல்ட்ஸின் அச்சுப் புத்தகத்துக்குப் பின்னால் மக்களின் வாய்மொழி இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. எனக்குக் கையெழுத்து தெரியும், முகவரி தெரியும்.

இதழ் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்பவில்லை. அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. நான் ஏன் என்று கேட்டு எழுதவில்லை. அவர் பிரசுரிக்கச் சொல்லவில்லையே, மூல ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டேனே, என் பெயரில் வந்ததால்தானே நாலு பேர் படித்தார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு சமாதானம். இப்போது அந்தத் தொடரையும் இந்தக் கதையையும் சேர்த்துப் புத்தகமாகப் போடக் கேட்டார்கள். பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் ‘மொழிபெயர்ப்பு உரிமை என்னுடையதே’ என்று கையெழுத்திட ஒரு வரி. போட முடியவில்லை. புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன்.

எண்பது தாண்டிவிட்டார். கூடத்தில் புனித பார்பராவின் படம் மாட்டியிருந்தது, பக்கத்தில் மூன்று ஜன்னல் வைத்த கோபுரத்தோடு. அவளையும் பெற்ற தகப்பனே கோபுரத்தில் அடைத்தான். அவனே வெட்டவும் செய்தான். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு பேசினேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தையும் கொத்தமல்லியையும் சொன்னேன். நோட்டை மேசையில் வைத்தேன்.

“காபி ஆறுது, குடிங்க தம்பி” என்றார். பிறகு, “இதழைப் பார்த்தேன். அப்பவே என் பேத்தி வாங்கிட்டு வந்து கொடுத்தா.”

“அம்மா, புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன். இதழுக்கும் எழுதிவிடுகிறேன்.”

“இதழுக்கு எழுதுங்க, அது நீங்க செய்ய வேண்டியது. என் பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் கழிச்சு அதைப் போட்டா உங்களுக்கு மனசு ஆறும். எனக்கு அதுல என்ன இருக்கு?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தம்மாவுக்குப் போட்ட மாதிரி நட்சத்திரம் போட்டுக்கங்க” என்றார்.

இந்தக் கட்டுரையிலும் அதனால்தான் அவர் பெயர் இல்லை. புத்தகத்தில் கதையின் அடியில் ‘தமிழில்: *’ என்று வரும். என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் வராது.

எழுந்திருக்கப் போனேன். “நீங்க சொல்லவே இல்லையே” என்றார். என்ன என்று புரியவில்லை. “தமிழ் சரியா இருக்கான்னு கேட்டிருந்தேனே. பன்னிரண்டு வருஷமா.”

மறுபடி உட்கார்ந்தேன். நோட்டை விரித்து முதல் பக்கத்திலிருந்து படித்தோம். எங்கெங்கே நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், இரண்டு இடத்தில் வாக்கியம் நீளம் என்றும் சொன்னேன். ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார், ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடுவில் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்துவந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பென்சிலால் ‘கர்ப்பிணி’யை அடித்து, மேலே ‘சூலி’ என்று எழுதினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.