அந்த ஒரு குழாய்

25 ஆண்டுகளுக்கு மேல் தெருமுனைக் கூட்டங்களில் பேசி வருகிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி இன்று சொல்லியாக வேண்டும்.

மே மாதம். இரவு 10 மணி தாண்டிவிட்டது. அனுமதி 10 வரைதான். பேச்சு சூடுபிடித்திருந்ததால் நான் நிறுத்தவில்லை. மின்கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி ஒன்றின் வாய், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒருவர் தோளில் துண்டோடு மேடையோரம் வந்தார். "அண்ணே, அந்த ஒரு குழாயை மட்டும் திருப்பிக் கட்டச் சொல்லுங்கண்ணே. அப்பாவுக்கு மூச்சு இளைப்பு. இப்பத்தான் கண் அசந்தாரு."

பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை. குழாயைத் திருப்பத்தான் சொன்னார்.

நான் மைக்கிலேயே பதில் சொன்னேன்: "கேட்கப் பிடிக்காதவங்க ஜன்னலைச் சாத்திக்கலாம். பேச்சுரிமை எனக்கு அரசியல் சட்டம் கொடுத்தது!" கூட்டம் கைதட்டியது. தட்டி ஓயும்வரை அவர் தலைகுனிந்து நின்றார், பிறகு போனார். சற்று நேரத்தில் ஜன்னல் கதவு ஒன்று சாத்தப்பட்டது, அப்புறம் இன்னொன்று. அந்தப் புழுக்கத்தில். பார்த்துக்கொண்டேதான் இன்னும் இருபது நிமிடம் பேசினேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதே ஆண்டு, சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை மேடைமேடையாகப் பாராட்டியவன் நான். பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோல், கேட்க மறுக்கவும் மற்றவருக்கு உரிமை உண்டு என்று 2005-இல் வந்த தீர்ப்பையும் படித்திருந்தேன். கோயில் குழாய், பள்ளிவாசல் குழாய், தேவாலயக் குழாய் எல்லாம் இரைச்சல். என் குழாய் மட்டும் மக்களுக்கான குரல் என்று மனதார நம்பினேன்.

கூட்டத்துக்கு அனுமதி மறுத்தால் இன்றும் நீதிமன்றம் போவேன். அதில் மாற்றமில்லை. ஆனால் துண்டறிக்கை நீட்டினால் வாங்காமல் போகலாம். நாற்காலியில் இருப்பவர் எழுந்து போகலாம். தன் வீட்டுக் கட்டிலில் மூச்சுக்குத் தவிக்கிறவர் எங்கே போவார்?

இப்போதெல்லாம் குழாய் கட்ட விடுவதில்லை. நாற்காலிகளைப் பார்த்து இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு மட்டும் நான் இன்னும் போகவில்லை. பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கவும் துணிவு வரவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் எதிர்ச்சாரியில் நடக்கிறேன்.