குதிரை மேல் ஒரு போதகர்

கோவில் இல்லை, மணி இல்லை, தங்க மேடை இல்லை. இருப்பது ஒரு குதிரையும் ஒரு சேணப்பையும்தான். இப்படியும் ஒரு போதகர் இருக்க முடியுமா?

இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எல்லைப்புறக் காடுகளில், மெதடிஸ்ட் சபையின் சுற்றுப் போதகர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுள் பீட்டர் கார்ட்ரைட் (1785–1872) என்பவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி 1856இல் வெளியிட்டார். "கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நமக்கு அவர் கதை எதற்கு?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். பிறகு அவளேதான் அவரைப்பற்றி அதிகம் பேசினாள்!

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்க வேண்டும் என்பது சபை விதி. (விடுதியில் ஐந்தரை மணிக்கே முனகுகிற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.) பகல்வரை படிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. பயணம் நீண்டால் என்ன செய்வது? குதிரை மேலேயே படித்தார்கள். ஒரு வட்டாரத்தைச் சுற்றிவர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பாலமில்லாத ஆறு பெருகினால் குதிரையோடு நீந்த வேண்டியதுதான். பையில் வேதாகமம், பாட்டுப்புத்தகம், சபை ஒழுங்குநூல், விற்பதற்குச் சில புத்தகங்கள். குடியானவனின் மரவீட்டில் பெரும்பாலும் ஓர் அறைதான். பிரசங்கமும் சாப்பாடும் உறக்கமும் அதிலேயே. புயலடிக்கும் நாளில் காக்கையையும் மெதடிஸ்ட் போதகரையும் தவிர வெளியே யாரும் இரார் என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

சம்பளம் 1800ஆம் ஆண்டின் விதிப்படி வருடத்துக்கு 80 டாலர். அதுவும் முழுதாகக் கைக்கு வருவது அரிது.

கார்ட்ரைட் 1808இல் பிரான்சஸ் கெயின்ஸ் என்பவரை மணந்தார். இதற்குப் பின்தான் எங்கள் மனம் கனத்தது. கணவர் வாரக்கணக்கில் குதிரையில் போய்விட, அந்த அம்மா பிள்ளைகளோடு எப்படிக் காலம் தள்ளியிருப்பார்? புத்தகம் எழுதியவர் கணவர்தானே!

அவர்கள் இருந்த கென்டக்கியில் அடிமைமுறை இருந்தது. தம் பெண்மக்கள் அடிமைகளை வைத்திருக்கும் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டுவிடுவார்களோ என்று கார்ட்ரைட் அஞ்சினார். ஆகவே 1824இல் இல்லினாய் மாநிலத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். வழியில் இரவு தங்கிய இடத்தில் மரம் ஒன்று சாய்ந்து விழுந்தது. மகள் ஒருத்தி அதில் மாண்டாள்.

"பெண்களைக் காப்பாற்றவென்று கிளம்பி, ஒரு பெண்ணைப் பறிகொடுத்தார்களே!" என்றாள் ஒருத்தி. "அங்கேயே இருந்தால் பிறர் கண்ணீரில் விளைந்த சோற்றையல்லவா அந்தப் பெண்கள் உண்டிருப்பார்கள்?" என்றாள் மற்றொருத்தி. சிஸ்டரிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் சற்றுநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1846இல் காங்கிரஸ் தேர்தலில் கார்ட்ரைட்டைத் தோற்கடித்தவர் ஆபிரகாம் லிங்கன். அதனால் மட்டுமே அவரை அறிந்தவர்கள் பலர். எங்களுக்கு அந்தத் தேர்தல் பெரிதாகப் படவில்லை. இல்லினாயில் குடியேறியபின் அவர் மறுபடியும் சேணத்தில் ஏறினார். புது வீடும் நிலமும், மிஞ்சிய பிள்ளைகளும் மறுபடியும் அந்த அம்மாவின் கையில்.