தட்டில்லாமல் உண்ணத்தக்க ஓர் உணவு

மரணம் நிகழ்ந்த வீட்டாருக்கு அண்டை வீட்டார் உணவளிப்பது நமக்கு வழிவழியாக வந்த கடமை. முஅத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களுடைய குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எங்கள் வாப்பா மவுத்தானபோது தெருவார் அவ்வாறே செய்தார்கள். மூன்று நாட்கள் சோறும் ஆணமும் வேளை தவறாமல் வந்தன. நான்காம் நாள் எங்கள் அடுப்பு மீண்டும் எரியத் தொடங்கியது. உம்மாவுக்கு மட்டும் பசி திரும்பவில்லை.

உம்மாவுக்கு வயது 71. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு அதுதான் நேர்ந்தது. உடல் வியர்த்து, கை நடுங்கி, எங்கள் பெயர்களே அவருக்குக் குழம்பின. மறுநாள் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். முழு உணவுக்காக வற்புறுத்த வேண்டாம் என்றும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவாவது உள்ளே போகவேண்டும் என்றும் சொன்னார்.

அந்தச் சிறிதளவு எது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. கஞ்சியைத் தள்ளிவைத்தார். இடியப்பத்தையும் பாலையும் தொடவில்லை. பல நாட்கள் சென்று லாத்தாவிடம்தான் வாய் திறந்தார். "தட்டு முன்னால உட்கார முடியலம்மா. எதிர்ல உன் வாப்பா இல்ல" என்றார். 48 ஆண்டுகள் இருவரும் ஒரே ஸஹனில் கைவைத்து உண்டவர்கள். உணவின் மீது அவருக்கு வெறுப்பில்லை, ஸஹனின் மறுபக்கம் காலியாக இருந்ததே தொண்டையை அடைத்தது என்பது அதன் பிறகே எங்களுக்குப் புரிந்தது. ஆகவே தட்டே வேண்டாத ஓர் உணவைத் தேடினோம். உட்காராமல், பரிமாறாமல், கையில் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக்கூடியதாக அது இருக்க வேண்டும். மேல்வரிசைப் பற்கட்டை உம்மா கழற்றி வைத்திருந்ததால் மென்மையாகவும் இருக்க வேண்டும்.

லாத்தா இங்கிலாந்தில் குடியிருப்பவர். அங்கே ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரை, பாகு ஆகியவற்றைக் கலந்து தட்டையாகப் பரப்பிச் சுட்டு, வில்லைகளாக வெட்டி விற்கிறார்கள். ஃபிளாப்ஜாக் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் தோசை போன்ற வேறொரு பண்டம் கிடைக்கும். (அந்த நாட்டாருக்கே ஓட்ஸ் ஒரு காலத்தில் மதிப்புக் குறைந்த தானியம்தான். 1755இல் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைகளுக்கும் ஸ்காட்லாந்தில் மனிதர்களுக்கும் அது உணவு என்று அதில் கேலியாகக் குறித்துவைத்தார்.) லாத்தா தம் பிள்ளைகளுக்கு உலர்திராட்சை சேர்த்து இதைச் செய்து கொடுப்பது வழக்கம். வெளியில் போகாமல் இத்தா இருக்கும் உம்மாவின் கைக்கு இது எட்டட்டும் என்றார். காக்கா வாங்கி வைத்திருந்த சிறிய ஓவன் பரணில் இருந்தது. அதை இறக்கினோம்.

இந்தப் பண்டம் மொறுமொறுப்பாக இருந்தால் பல்லில்லாதவருக்கு ஈறு வலிக்கும். வளைந்து கொடுக்கும் பதம் வேண்டும். அந்தப் பதம் மூன்று காரணங்களால் வருகிறது. முதலாவது சர்க்கரை. கரும்புப்பாகின் ஈரம் தங்கிய நாட்டுச் சர்க்கரையும் தேனும் ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன, வெள்ளைச் சர்க்கரை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இரண்டாவது ஓட்ஸின் வகை. தட்டையான பெரிய இதழ்களே மெல்லும் தன்மையைத் தருவன. உம்மாவுக்காக அதில் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் விட்டு எடுத்தோம். மூன்றாவதும் முதன்மையானதும் நேரம். ஓரங்கள் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகாததுபோல் தோன்றும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டில் அது தானே அமைந்துவிடும்.

அளவு இது: ஓட்ஸ் 200 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 115 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, உலர்திராட்சை 100 கிராம், சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி. வெண்ணெய், சர்க்கரை, தேன், முட்டை ஆகியவற்றை முதலில் அடித்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்த்துக் கிளற வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையை அழுத்திப் பரப்பி, 175 டிகிரி செல்சியஸில் 20 முதல் 22 நிமிடம் சுடலாம். முழுவதும் ஆறிய பிறகே கத்தி வைக்க வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிர்ந்துபோகும். வெனிலா எக்ஸ்ட்ராக்டை நாங்கள் சேர்க்கவில்லை. அது சாராயத்தில் ஊறவைத்து எடுக்கப்படுவது. பேணுதலுக்காக விலக்கி, ஏலக்காயைத் தட்டிப் போட்டோம். மணமும் எங்கள் வீட்டு மணமாக ஆயிற்று.

திராட்சையைக் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, நறுக்கிச் சேர்த்தோம். ஊறாத திராட்சை கலவையின் ஈரத்தைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரைக் கொட்டப் போனபோது, அறைக்குள்ளிருந்து எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றிருந்த உம்மா தடுத்தார். நபி (ஸல்) அவர்களுக்காகத் திராட்சையை நீரில் ஊறவைப்பார்கள், மூன்று நாளுக்குள் அதைப் பருகுவார்கள், அதைப் போய்க் கொட்டுவதா என்று கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் சமையலைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. அந்த நீரில் இரண்டு கரண்டியைக் கலவையிலேயே ஊற்றினோம்.

வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் இதைச் சுன்னத்தான உணவு என்று பாராட்டினார். துக்கத்தில் இருப்போருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா செய்து கொடுத்ததும், அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையில் சிறிதைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியில் உள்ளவை. ஆனால் தல்பீனா பார்லி மாவில் செய்யும் கஞ்சி. எங்கள் பண்டமோ வெண்ணெயில் சுட்ட ஓட்ஸ். பார்லியும் ஓட்ஸும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தில் உறவுடையவை என்பதற்காக, நபிவழியின் பெயரை இதன் மீது ஒட்டிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. கடைகளில் அந்தப் பெயரை ஒட்டி விற்போர் போதிய அளவு இருக்கிறார்கள்.

நாட்டுச் சர்க்கரை சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்று அதே உறவினர் சொன்னதையும் நாங்கள் ஏற்கவில்லை. தேனும் திராட்சையும் சேர்ந்தால் ஒரு தட்டில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆகவே 32 சிறு துண்டுகளாக வெட்டினோம். ஒன்றுக்கு 6 கிராம் ஆயிற்று. மருத்துவரிடம் கணக்கைக் காட்டி, ஒரு வேளைக்கு ஒன்று என்று முடிவு செய்துகொண்டோம்.

முதல் நாள் உம்மா வேண்டாம் என்றார். நாங்கள் வற்புறுத்தாமல் டப்பாவை அவருடைய முஸல்லாவுக்கு அருகில் இருந்த மாடத்தில் வைத்துவிட்டு வந்தோம். தஹஜ்ஜுதுக்கு எழுபவர் அவர். ஃபஜ்ருக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது ஒரு துண்டு குறைந்திருந்தது. மறுநாள் இரண்டு. சில நாட்களில் மோரும், அதற்குப் பிறகு அவித்த முட்டையும் கையிலேயே உண்டார். ஸஹனின் முன் அமர அவருக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அப்போதும் அவருக்கு எதிரே காக்காவின் இளைய மகள்தான் உட்கார்ந்தாள், ஒருவரும் சொல்லாமலே.

லாத்தா ஊர் திரும்பிவிட்டார். இப்போது உம்மா நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்க்க, நாங்கள் சுடுகிறோம். பட்டை அதிகம் என்கிறார், வெண்ணெய்க்குப் பதிலாகப் பாதி நெய் ஊற்றலாமே என்கிறார். துக்கம் விசாரிக்க வருவோருக்குத் தேநீருடன் இதைத் தம் கையால் எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த தட்டில் முந்திரி போடச் சொல்லியிருக்கிறார். அது கடிபடுமா என்று லாத்தா தொலைபேசியில் கேட்டதற்கு, "பொடிச்சுப் போட்டா என்ன" என்றார்.