ஆங்கில எழுத்துக்குள் கிடந்த நெல்

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 98-இல் ஓடியது. திருவையாற்றுப் பக்கம் எங்கள் நிலத்தின் சாகுபடிக் கணக்கை அதில்தான் வைத்திருந்தார். மேட்டூர் அணை திறந்த தேதி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த நாள், குறுவைக்கு ஏடிடி 36, சம்பாவுக்கு சி.ஆர். 1009, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்று எல்லாம் பெரும்பாலும் தமிழில் இருந்தன. அந்த ஃபைல்களைப் புதிய லேப்டாப்பில் திறந்தேன். தேதிகளும் எண்களும், ஆங்கிலத்தில் தட்டியிருந்த ரகப் பெயர்களும் மட்டும் ஒழுங்காக வந்தன. மற்ற இடமெல்லாம் பொருள் இல்லாத ஆங்கில எழுத்து வரிசை. எழுத்துருவின் பெயர் வரும் கட்டத்தில் 'பாமினி' என்றிருந்தது. அந்த எழுத்துரு லேப்டாப்பில் இல்லை.

தஞ்சை தெற்கு வீதியில் ஒரு டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் தட்டிக் கொடுக்கும் அக்காவிடம் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். என், இ, ஒய், ஒரு செமிகோலன் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "நெல்லுன்னு இருக்கு தம்பி" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிருக்கேன். இ சாவியில ந, ஒய்யில ல. இது கைக்கே தெரியும்."

குழப்பத்தின் வேர் அந்தப் பதிலில் இருந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா போன்றவர்கள் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து வளர்ந்த விசை வரிசையைத்தான் பாமினி பெரும்பாலும் பின்பற்றுகிறது. கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கில எழுத்தின் எண்ணை. அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டியது எழுத்துரு. எழுத்துரு போனால் தமிழும் போய்விடும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு வழியில்லை. அதனால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய கட்டத்தில் தமிழ் எழுத்தை வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ் 99 விசைப்பலகையும், டேம், டேப் என்ற குறியாக்கங்களும் முன்வைக்கப்பட்டன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் தட்டியவற்றில் பல அந்தந்த எழுத்துருவை நம்பியே இருக்கின்றன.

அக்கா கொடுத்த பாமினியை நிறுவியதும் தமிழ் தெரிந்தது. ஆனால் ஒரு சொல்லைத் தேடவும் முடியவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியவில்லை. யூனிகோடுக்கு மாற்றினால்தான் விடிவு. எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போட்டால் போதாது. பாமினியில் 'நெ' என்பதற்குக் கொம்பு முதலில், ந பிறகு. யூனிகோடிலோ ந முதலில், கொம்பு பிறகு. இந்த இடமாற்றத்தையும் சேர்த்துச் செய்யும் மாற்றி வேண்டும். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் அதைச் செய்தது. இன்னொரு சிக்கலும் வந்தது. அப்பா ஆங்கிலத்திலேயே தட்டியிருந்த 'ஏடிடி 36' மாறும்போது 'யுனுவு 36' ஆகிவிட்டது. அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். நெல் ரகத்தின் பெயர் தவறினால் விளைச்சல் கணக்குக்கு மதிப்பேது?

இப்போது 'குறுவை' என்று தேடினால் அப்பா எழுதிய எல்லாக் குறுவையும் வரிசையாக வருகிறது. டெல்டாவில் எத்தனையோ சங்கங்கள், கோயில்கள், வீடுகளில் இப்படிப்பட்ட ஃபைல்கள் பழைய சிடிக்களில் கிடக்கும். உங்களிடம் இருந்தால் முதலில் எழுத்துருவின் பெயரைக் குறித்து வையுங்கள். அந்த எழுத்துரு ஃபைலையும் கூடவே நகலெடுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றி, எண்ணையும் பெயரையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்தவுடன் படித்துச் சொல்லும் தட்டச்சுக்காரர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.