கேட்காமல் விட்டது

கீரிமலைக் கேணிக்கு நான் முதன்முதலில் போனது வாப்பாவின் சைக்கிளில். கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர். கூட வந்த மச்சான் இரண்டையும் மாறி மாறி வாயில் வைத்துப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது இருவரும் புத்தளத்துக்குப் போனோம். சோனகத் தெருவில் கடை வைத்திருந்தவன், கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றான். 1994இல் ஒரு மஃரிபுக்குப் பின் ஓலைக் கொட்டில் வாசலில், "இனி இருந்து என்ன மச்சான்?" என்றான். "அஸ்தஃபிருல்லாஹ், அப்பிடிக் கதைக்கிறதே ஹராம்" என்றேன். தலையாட்டினான். அதன் பிறகு அவன் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எட்டாம் நாள் தோட்டத்துக் கிருமிநாசினியால் மௌத்தானான். ஊருக்கு நெஞ்சுவலி என்று சொன்னோம். அவனுடைய பிள்ளைகளுக்கும் அதையே சொன்னோம்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் மீண்டும் கீரிமலைக்குப் போனேன். கேணிப்படியில் ஈர வேட்டியோடு ஒரு முதியவர் இருந்தார். மகனுடைய அந்தியேட்டிக்கு வந்தவர். என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"தானாப் போனவன் தம்பி," என்றார், குரலைத் தாழ்த்தாமல். "முகத்தில தெரிஞ்சது. நான் கேக்கப்போய் அந்த நினைப்பு வந்திடுமோ எண்டு பயந்து கேக்காம விட்டிட்டன்."

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மூடி வைத்திருந்ததை அந்தப் படியில் வைத்து அவரிடம் சொன்னேன்.

பிறகுதான் இதுபற்றித் தேடி வாசித்தேன். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பாரம் இறங்கவே அது உதவுகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். 1995 அளவில் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. கொடிய கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மனிதரின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது அந்தப் பொல்லாத நேரம் கடந்துபோகிறது. கடந்தவர்களில் மிகப் பலர் பிறகு வாழ்ந்துவிடுகிறார்கள். 1998 வரை, முயன்று பிழைத்தவர் சட்டத்தின் முன் குற்றவாளி. நாங்கள் ஒளித்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

ஹராம் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் மச்சான் அன்று மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வரவில்லை. பக்கத்தில் இருக்க ஓர் ஆளைத் தேடி வந்தான். நான் தீர்ப்பைச் சொல்லி எழும்பிப் போனேன்.

போன வருடம் அவனுடைய மூத்த மகனிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவன், "எனக்கும் சில நேரம் அப்பிடி வாறது மாமா" என்றான். நாக்கு நுனிவரை அதே சொல் வந்தது. விழுங்கிக்கொண்டு, "சாக வேணும் எண்டு நினைக்கிறியா?" என்று கேட்டேன்.

சுபஹு பாங்கு வரை பேசினான். நான் எழும்பவில்லை. விடிந்ததும் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு என் பக்கத்தில் இருந்தே பேசினான். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு இருவருமாகப் போனோம். இப்போது மாதம் ஒருமுறை போகிறோம்.