வெள்ளைச் சுவரோடு மல்லுக்கட்டு

வீட்டிலேயே ஃபிலிம் நுவார் பாணியில், கறுத்த நிழலோடு முகப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், எத்தனை லைட் வாங்கவேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்று போதும் என்றால் நம்பமாட்டார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, தரையில் டைல்ஸ். லைட்டை எங்கே வைத்தாலும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, நிழல் பக்கத்துக் கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கறுக்க வேண்டிய இடம் சாம்பலாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் காண்ட்ராஸ்ட்டை ஏற்றினால் வெளிச்சப் பக்கத்துத் தோலும் வெளுத்துப்போகும். அதைவிட, நிழல் பக்கத்துக் காதருகே, ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். தலைக்கு மேலும் ஒன்று கட்டுங்கள். சாட்டின் வேண்டாம், மினுங்கும். வெல்வெட் வெளிச்சத்தைக் குடித்துவிடும்.

பின்சுவருக்குத் தூரம்தான் மருந்து. லைட்டிலிருந்து முகம் மூன்றடி, சுவர் ஒன்பதடி என்றால், முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் இறங்கிவிடும். மிச்சத்தை ஒரு கட்டர், அதாவது வெளிச்சத்தை மறைக்கும் கறுப்பு அட்டை, வைத்து வெட்டிக்கொள்ளலாம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கோடம்பாக்கத்தில் லைட்மேனாக இருந்தவர். ஆள் வந்து உட்காரும் முன்பே, நாற்காலி இருக்கும் இடத்தில் கட்டைவிரல் துருத்தியிருக்கும்படி முஷ்டியை நீட்டிப் பிடிப்பார். கட்டைவிரல்தான் மூக்கு. அதன் நிழலைப் பார்த்துக்கொண்டே ஸ்டாண்டை ஏற்றச் சொல்வார், இறக்கச் சொல்வார். “உதட்டைத் தொடாம நிறுத்துடா” என்பார். ஆள் உட்கார்ந்ததும் மறுபடி பார்ப்பார். மூக்கு நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, அந்தப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் மிஞ்சினால் திருப்தி. புத்தகங்கள் அதை ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்கின்றன. அவருக்கு வெறும் ‘முக்கோணம்’. 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். மாருதி ராவ் ஒளிப்பதிவு. கதையைக் கேட்க ஆரம்பித்தால் லைட்டைப் பார்க்கமாட்டாய் என்பார்.

சாஃப்ட்பாக்ஸைக் கழற்றி மூலையில் வையுங்கள். நிழலின் ஓரம் கத்தியாக விழ, விளக்கின் முகம் சின்னதாக இருக்கவேண்டும். ஃபிளாஷுக்கு முன்னால் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி மாட்டினால் ஸ்னூட் தயார். சூடாகும் பல்பு என்றால் காகிதம் கூடாது, இருபுறமும் திறந்த தகர டின் போதும்.

1944-இல் வந்த ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்தில் ஒளிப்பதிவாளர் ஜான் சீட்ஸ் விழவைத்த ஜன்னல் பிளைண்ட்ஸ் கோடுகளைக் காட்டி, அதேபோல் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியில் பிளேடால் வரிசையாகக் கீறுங்கள். அட்டை லைட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கோடு கரைந்துவிடும். முகத்தை நோக்கி நகர்த்த நகர்த்தத் தெளியும். வெளிச்சக் கோடு ஒன்று கண்ணோடு போகும்வரை அட்டையைத்தான் ஏற்றி இறக்கவேண்டும், ஆளை அல்ல. அரைமணி போனாலும் போகட்டும். கண் இருட்டில் போன படத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

புகைக்குச் சிகரெட் எதற்கு, சாம்பிராணி போதும். லைட் பின்பக்கத்திலிருந்து வந்தால்தான் புகை தெரியும். ஃபேனை அணைத்துவிடுங்கள்.

ரா ஃபைலில் எடுங்கள், கேமரா திரையை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றினால் தோல் வெளுத்து வடு மறையும். லிப்ஸ்டிக்கும் சேர்ந்து வெளுக்கும். நீலத்துக்குப் போனால் ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கும். வயதானவர்களுக்கு நான் பச்சையோடு நிறுத்திக்கொள்வேன். சுருக்கம் இருக்கட்டும், அது அவர்கள் முகம்.

பழகும் காலத்தில் வீட்டாரை உட்காரவைத்துச் சலிப்பூட்டாதீர்கள். ஜவுளிக்கடையில் வைக்கும் பொம்மைத் தலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பளபளத்தால் பவுடர் பூசுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அதற்குக் கழுத்து வலிக்காது.